வெள்ளிக்கிழமையை எண்ணாத காவலாள்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்தப்படும் என்று சோபனா மூன்று மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் எழுதிவிட்டாள். ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆறு ஒன்றுக்கு வந்து நிற்கிறவருக்கு அடுத்த கதவு இரண்டு வருடம் கழித்துத்தான் திறக்கும்.

இது மரக்கதவு இல்லை. நுணா என்று ஓர் இயங்குதளம் உண்டு. கணினியைப் போட்டதும் முதலில் கண் விழித்து, மற்ற எல்லா மென்பொருளையும் நடத்துகிறதே, அந்த அடிப்படை மென்பொருள். நுணாவுக்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். செய்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. பன்னிரண்டு நாடுகளில் எண்பது பேர், அவரவர் பிழைப்பு முடிந்த பிறகு உட்கார்ந்து செய்கிறார்கள். அந்த எண்பது பேர் செய்வதையும் ஒன்றுசேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரே கட்டாக வெளியே அனுப்புகிற பொறுப்பு சோபனாவுடையது. பகலில் அவளுக்கு ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை.

இரண்டும் ஒரே வேலைதான் என்பாள் அவள். ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் ஓரிடத்தில் வெட்டுப்படுகிறது, இன்னோரிடத்தில் தையல் ஆகிறது. சோல் ராணிப்பேட்டையிலிருந்து வருகிறது, லேஸ் வேறெங்கிருந்தோ. ஒவ்வொன்றும் தனியாக நன்றாக இருந்து பயனில்லை, ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இயங்குதளத்திலும் அப்படித்தான். கணக்குப் போடுகிற கருவி ஒரு பேக்கேஜ், படம் பார்க்கிற கருவி ஒரு பேக்கேஜ், எழுத்துருக்கள் ஒரு பேக்கேஜ் என்று நுணாவில் நாலாயிரம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும்: 'நான் ஓட வேண்டுமென்றால் இன்னின்ன பேக்கேஜ்கள் உடன் இருக்க வேண்டும்.' சீட்டைப் பார்த்துக் கணினி தானாகவே அவற்றையும் வரவழைத்துக்கொள்ளும்.

பொறுப்பாளர் ஒரு புதிய பதிப்பை ஏற்றினால் அது நேராக உள்ளே போகாது. தோலைத் தொட்டியில் ஊறப்போடுவது போல ஐந்து வேலை நாட்கள் பரிசோதனையில் கிடக்கும். ஆம்பூர்க்காரி வைத்த பெயர் என்பதால் பன்னிரண்டு நாடுகளிலும் அதற்கு 'ஊறல்' என்றே பெயர். வேலூரில் ஒரு கல்லூரி லேபில் இரவலாகக் கிடைத்த கணினிகள் தினமும் அதை நிறுவி, ஓட்டிப் பார்த்து, பச்சை அல்லது சிவப்பு போடும். திங்களன்று ஒரு ரகக் கணினி, செவ்வாயன்று வேறு ரகம் என்று முறை வைத்து நடக்கும். லேப் பூட்டியிருக்கும் நாள் கணக்கில் சேராது. ஐந்து நாளும் சிவப்பு இல்லாமல் கழிந்தால், காவலாள் என்கிற நிரல் அந்தப் பேக்கேஜைத் தானே உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆள் முகம் பார்க்காது, கெஞ்சினால் இளகாது. காவலாளை எழுதியவள் சோபனா. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. ஆறு பத்துக்கு போன் வந்தது. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்கள் கிளம்பிவிட்டன. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மக்பூல் அகமது மட்டும், ஏற்றுமதிக் கண்டெய்னர் கிளம்பும்வரை இருந்தாக வேண்டியவர், டீயோடு அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் நிஷா, ஆலங்காயத்துலருந்து."

நிஷா பள்ளி ஆசிரியை. ஆறு மாதம் முன்புதான் நுணாவில் சேர்ந்தாள். 'விரல்நடை' என்கிற தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிப் பேக்கேஜுக்குப் பொறுப்பாளர். பழைய விரல்நடை புதிய நுணாவில் பாதியில் விழுந்துவிடுகிறது என்பதால் சோபனாவே அதைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தாள். நிஷா உட்கார்ந்து திருத்தினாள். ஆலங்காயத்தைச் சுற்றி மலையடிவாரத்தில் பதினோரு பள்ளிகள் ஜூன் மாதம் இந்த வெளியீட்டைத்தான் பென்டிரைவில் வாங்கித் தங்கள் கணினிகளில் போடப்போகின்றன. அங்கே இணையம் எட்டாது. கட்டுக்குள் இல்லாத பேக்கேஜ் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்துக்கு இல்லவே இல்லை.

"சொல்லு நிஷா."

"விரல்நடை உள்ள போவலக்கா. நாலு நாள்தான் ஊறியிருக்குன்னு காட்டுது. திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஏத்திட்டேனே."

"காவலாள் நாலுன்னா நாலுதான். கடைசி வாரம் வரைக்கும் வெச்சுக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"நான் விரல் விட்டு எண்ணிட்டேன்க்கா. செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி. அஞ்சு வருது."

"வெள்ளிக்கிழமைய ஏன் எண்ற? அன்னிக்குத்தான் லீவாச்சே."

"யாருக்குக்கா லீவு? நேத்து நான் ஆறு பீரியடு எடுத்தேன்."

"வெச்சுடு, கூப்பிடறேன்" என்றாள் சோபனா.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் மக்பூல்.

அவள் காவலாளின் கோப்புகளைத் திறந்தாள். விடுமுறைப் பட்டியல் தனிக் கோப்பாக இருந்தது. முதல் வரி: வார விடுமுறை, வெள்ளி.

ஆம்பூரில் பல தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா தொழுகைக்காக விடுவது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெஷின் ஓடும். பதினோரு வருடமாக சோபனாவின் வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்து சனிக்கிழமை காலை தொடங்குகிறது. காவலாளை எழுதியபோது ஒரு விடுமுறைப் பட்டியல் தேவைப்பட்டது. கம்பெனித் திட்டத் தாளில் சுத்தமாக ஒன்று இருந்தது. பண்டிகை நாட்களை வேலூர்க் கல்லூரிக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்றியவள், முதல் வரியைப் பார்த்ததும் 'இது சரிதான்' என்று தாண்டிப் போயிருக்கிறாள். கல்லூரி லேபுக்கோ வார விடுமுறை ஞாயிறு.

விஷயத்தைச் சொன்னதும் மக்பூல் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஓனர் நமக்குக் குடுத்த லீவ நீ பன்னெண்டு நாட்டுக்கும் குடுத்துட்டியா? அவருகிட்ட சொல்றேன் இரு, சந்தோசப்படுவாரு."

"பாய், சும்மா இருங்க. ரெண்டு வருஷமா இது ஒருத்தர் கண்ணுலயும் படலையே, எப்படி?"

இதைக் கண்டுபிடிக்காமல் அவளால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. ஒரு தாளை எடுத்து ஏழு கிழமைகளையும் எழுதினாள். செவ்வாயன்று ஏற்றினால், ஞாயிறு லீவு என்று எண்ணினாலும் வெள்ளி லீவு என்று எண்ணினாலும் ஐந்தாவது நாள் திங்கள்தான். இடையில் இரண்டு கிழமையுமே வந்துவிடுவதால் ஒன்றை விட்டு மற்றதை எண்ணினாலும் கூட்டல் மாறவில்லை. புதன், வியாழனுக்கும் இதே கதை. வெள்ளி, சனியில் ஏற்றியவர்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே கதவு திறந்திருக்கிறது. சீக்கிரம் உள்ளே போனவர் எவரும் புகார் எழுதுவதில்லை. ஞாயிறும் திங்களும் ஏற்றியவர்களுக்கு மட்டும் ஒரு நாள் தாமதம். சாதாரண வாரத்தில் ஒரு நாளை யார் பொருட்படுத்துவார்? கதவு சாத்துகிற வாரத்தில்தான் அது கழுத்தைப் பிடிக்கும்.

"அழகா ஒளிஞ்சிட்டிருந்திருக்கு பாய்" என்றாள், தன் தப்பு என்பதையும் ஒரு கணம் மறந்து.

திருத்துவது சுலபம். 'வெள்ளி'யை 'ஞாயிறு' ஆக்கி மறுபடி ஓட்டினால் காவலாள் ஐந்து என்று எண்ணி, 'இது ஐந்து மணிக்கே தகுதி பெற்றுவிட்டது' என்று விரல்நடையை உள்ளே எடுத்துவிடும். ஒருவருக்கும் தெரிய வராது. சோபனா அந்த வார்த்தையை அழித்தும்விட்டாள். ஆனால் ஷூ கம்பெனிப் பழக்கம் விடவில்லை. ஒரு ஷூவில் தையல் தவறியிருந்தால் அதை மட்டும் சரிசெய்து அனுப்ப மாட்டார்கள், அந்த லாட் முழுவதையும் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தத் தப்பால் முன்பு யாராவது வெளியே நின்றிருக்கிறார்களா என்று பழைய பதிவுகளில் தேடினாள்.

ஒரே ஒருவர் நின்றிருந்தார். ஆல்வின்.

ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை பார்க்கிற ஆல்வின், நுணாவின் வெளியீட்டுக் குழுவில் அவளுக்கு அடுத்த ஆள். போன வெளியீட்டில் அவனுடைய ஆடுபுலி ஆட்டப் பேக்கேஜ் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த முறை கதவு சாத்தியது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு லீவு நாள், நிதானமாகப் பார்க்கலாம் என்று அவளேதான் அந்த நாளை வைத்தாள். ஆல்வின் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்றியிருந்தான். திங்கள் முதல் வெள்ளி வரை சரியாக ஐந்து. 'எண்ணிப் பாருங்க' என்று பொதுக் குழுவில் எழுதினான். அவள் எண்ணவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மூன்று பத்திக்குப் பதில் எழுதினாள். எண்பது பேரும் அதைப் படித்தார்கள். அன்றிலிருந்து ஆல்வின் அவளை மேடம் என்று கூப்பிடுகிறான்.

நுணாவில் இன்னொரு விதியும் உண்டு. கதவு சாத்திய பிறகு காவலாள் மேல் கை வைக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். காவலாள் அதைக் கேட்டுத் தடுக்காது, நம்பிக்கையில் நடக்கிற விதி. சோபனாவோடு சேர்த்துக் கையெழுத்துப் போடக்கூடிய இரண்டாவது ஆள் ஆல்வின்.

அழித்த 'வெள்ளி'யைத் திரும்ப எழுதி வைத்துவிட்டு அவனுக்கு போன் போட்டாள். பின்னணியில் ஆர்மோனியம் கேட்டது. சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க மேடம். கதவ நல்லா தாப்பா போட்டீங்களா?"

அவள் சொன்னாள். எதையும் விடாமல், அவனுடைய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சொல்லிமுடித்தாள். ஆர்மோனியச் சத்தம் தூரமாகப் போனது, அவன் வெளியே வந்துவிட்டான் போலிருந்தது.

"அப்போ ரெண்டு வருஷமா நான் எண்ணது கரெக்டு."

"கரெக்டு."

"எங்க வீட்ல ஷர்மிளாகிட்ட எண்ணிக் காட்டினேன். அவளும் அஞ்சுன்னுதான் சொன்னா. அப்படியும் 'அந்தம்மா இவ்ளோ எழுதியிருக்காங்கன்னா உங்க மேலதான் தப்பிருக்கும்'னு சொல்லிட்டா. எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

"தெரியல. இப்ப தெரியுது. சாரி ஆல்வின்."

"சாரிய எனக்கு போன்ல சொல்லாத. அன்னிக்கு மூணு பத்தி எங்க எழுதினியோ அங்கயே எழுது."

"எழுதறேன். கையெழுத்து?"

"அவசரப்படறியே. வெள்ளிக்கிழமைய எண்ணணும்னா வெள்ளிக்கிழமை ரிசல்ட்டையும் படிக்கணும் இல்ல? உன் காவலாள் அந்தந்த நாள் ரிசல்ட்ட அன்னிக்கே படிக்கறவன், எண்ணாத நாள படிச்சிருக்கவே மாட்டான், இனிமே திரும்பியும் பாக்க மாட்டான். நேத்து பச்சையா சிவப்பா?"

அதை சோபனா யோசிக்கவே இல்லை. வேலூர் லேபின் நேற்றைய பக்கத்தைத் திறந்தாள். விரல்நடைக்கு எதிரே சிவப்பு.

இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளையும் ஆல்வின் போனில் இருக்கும்போதே வரிசைப்படுத்தினாள். பதினேழு சிவப்பு. பதினாறு பின்னால் யார் யாரோ புகார் செய்து சரியாகிவிட்டவை. மிச்சம் விரல்நடை. லேபில் வெள்ளிக்கிழமை பழைய கணினியின் முறை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய கணினி வைத்திருக்கிறவர்கள் மட்டும் ஏன் எப்போதும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

"நிஷா ஸ்கூல்ல எல்லாம் என்ன மிஷின்?" என்றான் ஆல்வின்.

"பழசு. பதினோரு ஸ்கூல்லயும் பழசு."

"நீ பாட்டுக்கு சத்தமில்லாம உள்ள தள்ளியிருந்தா ஜூன்ல பதினோரு ஸ்கூலும் சிவப்பு."

"தள்ளல இல்ல?"

"தள்ளல. சரி, அந்தப் பொண்ண லைன்ல எடு."

நிஷா வந்தாள். சோபனா தன் தப்பை முதலில் சொன்னாள், பிறகு சிவப்பைச் சொன்னாள். லேபின் குறிப்பை ஆல்வின் படித்தான். "விரல்நடை திறக்கும்போதே எழுத்துரு கிடைக்கலன்னு சொல்லி விழுந்திருக்கு. நிஷா, உன் சீட்டுல தமிழ் எழுத்துரு பேக்கேஜ எழுதியிருக்கியா?"

"அது எதுக்குங்கண்ணா? எல்லா கம்ப்யூட்டர்லயும்தான் இருக்குமே."

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கும், நீ எப்பவோ போட்டிருப்ப. பழைய மிஷின்ல இடம் கம்மி, கேட்டாத்தான் வரும். சீட்டுல இல்லன்னா யாரு கூப்பிடுவா?"

"ஐயோ" என்றாள் நிஷா.

தன் வீட்டில் இருப்பது எல்லோர் வீட்டிலும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கு இரண்டு பேர் என்று சோபனா நினைத்துக்கொண்டாள்.

திருத்தம் ஒரே வரி. நிஷா அதை எழுதி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். சீட்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தால் மறுபடி ஊற வேண்டியதில்லை என்பது நுணாவின் வழக்கம். ஆனால் விழுந்த ரகக் கணினியிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். லேப் பூட்டியாகிவிட்டது, திங்கள்கிழமைதான் திறக்கும். கதவு சாத்தினால் இரண்டு மணி நேரத்தில் நுணாவின் முழுக் கட்டு தானாகத் தயாராகத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு மேல் எதையும் நுழைக்க முடியாது. அப்போது மணி ஏழு.

"பழைய மிஷினுக்கு இப்ப எங்க போவேன்?" என்று சோபனா வாய்விட்டுச் சொன்னாள்.

மக்ரிப் தொழுகை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்த மக்பூல் அகமது வேறு பக்கம் பார்த்தார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாய். உங்க ஸ்டோர்ஸ்ல கேட்பாஸ் அடிக்கிற கம்ப்யூட்டர்."

"அதுல கைய வெக்காத. அது என்னோட தோஸ்த்து. பதினாறு வருஷம். தொட்டா செத்துடும்."

"எதையும் தொட மாட்டேன் பாய். பென்டிரைவ்லருந்தே ஓடும். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கும். பிடுங்கினா பழையபடி ஆயிடும்."

"கண்டெய்னர் ஏழரைக்குப் போவணும். கேட்பாஸ் வரலன்னா ஓனர் என்னைய கண்டெய்னர்ல ஏத்தி அனுப்பிடுவாரு."

"இப்பவே கேட்பாஸ் அடிச்சி வெச்சிடுங்க. அப்புறம் குடுங்க."

அவர் முனகிக்கொண்டே கேட்பாஸை அடித்து லாரி டிரைவரிடம் கொடுத்தார். மறுபடியும் ஒன்றை அடித்து, கணினி திரும்ப எழாவிட்டால் இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டார். சோபனா நுணாவின் வெறும் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, விரல்நடையையும் எழுத்துருவையும் வேறொரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். ஸ்டோர்ஸில் பசை வாசனை. பழைய கணினி, விசிறிச் சத்தத்தோடு, ஆற அமர நுணாவை எழுப்பியது. மேசையில் செல்போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னாச்சு?" என்று ஆல்வின்.

"எழுந்துக்குது."

"இன்னுமா?"

"பதினாறு வருஷத்து ஆளுப்பா, கம்ப்யூட்டருக்கு அது கெழ வயசு. உனக்கும் வந்தா தெரியும்" என்றார் மக்பூல்.

சோபனா விரல்நடையை நிறுவச் சொன்னாள். கணினி சீட்டைப் படித்தது. 'தமிழ் எழுத்துருவும் வேண்டும், சேர்க்கட்டுமா?' என்று கேட்டது. இந்தக் கேள்வியைத்தான் நேற்று லேபின் பழைய கணினி கேட்காமல் போனது. சரி என்றாள். நீலத் திரை வந்தது, நடுவில் ஒரு பெரிய 'அ'.

"திறந்துடுச்சு" என்றாள்.

போனில் நிஷா கத்தியது விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"திறந்தா போதாது. எதாவது அடிச்சுப் பாரு. நீ அடிக்காத, தட்டச்சு தெரியாத ஆளு யாராவது அடிக்கட்டும்" என்றான் ஆல்வின்.

மக்பூல் அகமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரை காட்டிய இடத்தில் ஒற்றை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். தப்பாகக் குத்தியபோது திரை சிவந்தது, சரியானபோது அடுத்த எழுத்து வந்தது. நான்கு நிமிடத்தில் 'பட்டம்' என்று வந்தது.

"நல்லா சொல்லித் தருதே இது" என்று அடுத்த சொல்லுக்குப் போனார். வெளியே கண்டெய்னர் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியதை அவர் கவனிக்கவில்லை.

சோபனா திரையைப் படம் பிடித்து ஆல்வினுக்கு அனுப்பிவிட்டு, போனோடு தன் மேசைக்குத் திரும்பி, பொதுக் குழுவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். மூன்று பத்திகள் எழுதத் தோன்றியது. ஒன்றுதான் எழுதினாள். விடுமுறைப் பட்டியல் தன் கம்பெனியுடையது, தப்பு தன்னுடையது, போன வெளியீட்டில் ஆல்வின் எண்ணியது சரி, அவர் சொன்னபோது தான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏழு நாற்பதுக்கு அனுப்பினாள்.

"படிச்சியா?" என்றாள் ஆல்வினிடம்.

"ஷர்மிளாவுக்கு அனுப்பிட்டு வர்றேன் இரு." கொஞ்ச நேரம் கழித்து, "போட்டாச்சு" என்றான்.

காவலாளின் திரையில் ஒரு வரி மாறியது. விரல்நடை: உள்ளே. கையெழுத்து: சோபனா, ஆல்வின்.

"உன் ஆடுபுலியையும் கொண்டா, சேத்துடறேன்" என்றாள் சோபனா. "ரெண்டு வருஷம் வெளிய நின்னுது. கேக்கற ஆளு யாரும் இல்ல."

"புது பதிப்பு ஏத்தி நாலு நாள்தான் ஆவுது. இந்தத் தடவ உண்மையாவே நாலு."

"அதுக்கென்ன இப்போ?"

"கதவு சாத்தியாச்சும்மா, போ" என்றான் ஆல்வின். ஆர்மோனியம் மறுபடி பக்கத்தில் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

நிஷா இன்னும் லைனில் இருந்தாள். பதினோரு பள்ளிக்கும் பதினோரு பென்டிரைவ் போதுமா, இல்லை ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டாள். கூடவே, அந்த மெயிலில் எழுத்துரு தப்பு தன்னுடையது என்றும் ஒரு வரி சேர்க்க முடியுமா என்றாள்.

"அனுப்பிட்டேனே. நீயே எழுதிடு, ஒரு வரி போதும்" என்றாள் சோபனா. "பென்டிரைவ் பன்னெண்டா வாங்கு."

ஸ்டோர்ஸில் மக்பூல் அகமது எழுந்திருக்கவில்லை. 'பம்பரம்' வரை வந்திருந்தார்.